கதை வாசிக்கிறாள் என்று எழுதியவள்

துர்காவின் பெயருக்கு நேராக ‘கதை வாசிக்கிறாள்’ என்று பதிந்தவள் நான்தான். பேனாகூடத் தேவைப்படவில்லை. டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டேன், அது பச்சையானது. அந்த விரலை அன்றைக்கே எங்காவது நசுக்கிக்கொண்டிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நினைப்பதோடு சரி. நான் அப்படிப்பட்டவள்தான்.

என் பெயர் மதிவதனி. பி.எட். முடித்து ஆறு வருடம் ஆகிறது. தகுதித் தேர்விலும் தேறிவிட்டு, வேலை எப்போது வரும் என்று காத்திருக்கிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. வீடு விருத்தாசலத்தில், ஜங்ஷன் பக்கம். சென்னையில் இருக்கும் ஒரு அறக்கட்டளை ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருந்தது. பிழைப்புக்காக ஊர் மாறி ஊர் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்து எங்கே தடுக்குகிறது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் தேறும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் ஊர் பீங்கான் ஷெட்டுகளுக்குக் கள ஆய்வாளராக என்னை எடுத்தார்கள். பிள்ளைகளைச் சோதித்துப் பதிவு செய்வது மட்டும்தான் வேலை. சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. ஆனால் ஷெட்டில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் திருத்தவில்லை. அந்த வார்த்தைக்கு நான் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன்.

சோதனையில் நான்கு நிலை. எழுத்து, சொல், பத்தி, கதை. எழுத்திலும் சொல்லிலும் நிற்கிற பிள்ளைகளில் எல்லா ஷெட்டுகளிலும் சேர்த்து இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஷெட்டின் பின்னறையில் சாயங்கால வகுப்பு நடத்துவார்கள். கார்த்திகை தீபத்துக்கான அகல் விளக்கு வேலை முடிந்ததும் பெற்றோர் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். அந்த ஐந்து மாதமும் அதேபோல் இருபது பேர் விருத்தாசலத்திலேயே ஒரு விடுதியில் தங்கிப் படிக்கலாம். மற்ற பிள்ளைகள் பெற்றோரோடு கரும்புக் கொட்டாய்க்குப் போகவேண்டியதுதான். கதை வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. அதற்குத் தேவையில்லை என்று அர்த்தம்.

விதி தெளிவாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும். நான்கு கதை அட்டைகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் பயிற்சியில் ஆராய்ச்சியை நடத்தும் பானுமதி மேடம் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நான் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘தனியாக’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் துர்கா இருந்த ஷெட்டுக்குப் போனேன். மேற்பார்வை பார்க்கும் சுப்புராயன், “சாப்பாட்டு நேரத்துல அரமணி நேரம் எடுத்துக்குங்கம்மா. அதுக்கு மேல எடம் அடைச்சா வேல கெட்டுரும்” என்றார். பதினெட்டுப் பிள்ளைகள். தனித்தனியாகக் கூப்பிட இடமும் இல்லை, நேரமும் இல்லை. எல்லோரையும் மண் மூட்டைகளின் மேல் வரிசையாக உட்காரவைத்தேன். மற்ற மூன்று அட்டைகள் பையின் அடியில் டிபன் டப்பாவுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தன. கையில் வந்த ஒரே அட்டையை வைத்து எல்லோரையும் கேட்டேன்.

அந்த அட்டையில் ஆறு வரி. ‘மல்லிகா ஒரு ஆடு வளர்த்தாள். ஆட்டின் பெயர் சிட்டு. ஒரு நாள் சந்தையில் சிட்டு தொலைந்து போனது. மல்லிகா அழவில்லை. கையில் இருந்த மணியை ஆட்டினாள். சத்தம் கேட்டுச் சிட்டு ஓடி வந்தது.’

முதல் பிள்ளைகள் முக்கி முக்கி எழுத்துக் கூட்டின. முடியாத இடங்களில் பாவமாக இருந்ததால் நானே எடுத்துக்கொடுத்தேன். அதுவும் கூடாது என்று விதி இருக்கிறது. துர்கா எட்டாவது ஆள். ஒன்பது வயது, ஒல்லி, எண்ணெய் வழிய இரட்டைச் சடை. அவள் முறை வருவதற்குள் ஏழு தடவை கதையைக் கேட்டுவிட்டாள். அட்டையை வாங்கினாள், விரலை முதல் வரியில் வைத்தாள், மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மணி ஆட்டுகிற இடத்தில் குரலை உயர்த்தினாள்.

விரல் கடைசி வரியைத் தாண்டி அட்டையின் ஓரத்துக்கு வந்து நின்ற பிறகும், வாய் இன்னும் மணியை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். இதை எழுதுகிற நேரத்தில் நான் யாரிடமும் எதையும் மறைக்கப் போவதில்லை. நான் பார்த்தேன், எனக்குப் புரிந்தது.

அவள் அம்மா கொளஞ்சியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். அச்சில் மண் கூழ் ஊற்றுகிற வேலை. முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சாப்பிடாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றவள், என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“எம்புள்ள படிக்குதுங்களா டீச்சரு?”

இன்னும் பத்துப் பிள்ளைகள் பாக்கி. சுப்புராயன் வாட்ச்சைப் பார்க்கிறார். அதுவரை போன மூன்று ஷெட்டிலும் கதை வாசிக்கிற ஒரு பிள்ளைகூட அகப்படவில்லை. எழுத்து நிலைக்கான சிவப்புக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுச் சலித்துப்போயிருந்தேன். அதோடு அந்த முகம். இல்லை என்று சொன்னால் அது எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் முகத்தில் அதை, என் பெயர் இல்லாமல் வந்த ஒவ்வொரு வேலைப் பட்டியலுக்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

“நல்லா படிக்கிறாக்கா. கதையே வாசிக்கிறா” என்றேன்.

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. அவள் தன் கட்டைவிரலை மண் கூழில் தொட்டு அழுத்தினாள். காகிதத்தில் வெள்ளை ரேகை விழுந்தது. “ஒண்ணுமே தெரியாத கையி, ஆனா எங்க வூட்லயும் ஒண்ணு படிக்குது பாருங்க” என்றாள்.

வகுப்புக்கான பட்டியலில் துர்காவின் பெயர் வரவில்லை. எப்படி வரும்?

அக்டோபரில் இரண்டாம் சுற்றுச் சோதனைக்குப் போனபோது சாயங்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. துர்கா பின்னறை வாசலுக்கு வெளியே அடுக்கிவைத்த பழைய அச்சுகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் சத்தமாகப் படிக்க, இவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. காதில் விழுவதையெல்லாம் சேர்த்துவைக்கிற பெண் அவள். நல்ல மூளை. அந்த மூளையைத்தான் நான் வாசலுக்கு வெளியே உட்காரவைத்திருந்தேன்.

இந்தத் தடவை அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வேறு அட்டையைக் கொடுத்தேன். கிணற்றில் விழுந்த செருப்பைப் பற்றிய கதை அது. அட்டையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “மல்லிகா ஒரு ஆடு வளர்த்தாள்” என்று ஆரம்பித்தாள்.

அப்போதே சரிசெய்திருக்கலாம். விடுதிக்குப் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை. ‘எழுத்து’ என்ற கட்டத்தைத் தொட்டிருந்தால் போதும். தொடத்தான் போனேன். நான்காம் நிலையில் இருந்த பிள்ளை முதல் நிலைக்கு இறங்கியது ஏன் என்று விளக்கம் கேட்கும் டேப்லெட். விளக்கம் எழுதினால் பானுமதி மேடம் பார்ப்பார். பார்த்தால் நான் சோதித்த எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி சோதிக்கச் சொல்வார். ஜனவரியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள் எனக்குத் தோன்றியது. இதற்கெல்லாம் என் புத்தி நன்றாக வேலை செய்யும்.

செருப்புக் கதையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, ஆட்டுக் கதையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “இத படி” என்றேன். சொன்னாள். பச்சைக் கட்டத்தைத் தொட்டேன். முதல் தடவை செய்ததை அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பானுமதி மேடம் வந்தார். ஷெட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து நாற்காலி போட்டிருந்தார் சுப்புராயன். வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக வந்து வாசித்தார்கள். ஆகஸ்டில் எழுத்துக் கூட்டியவர்கள் பத்திக்கு வந்திருந்தார்கள். மேடத்தின் முகம் மலர்ந்திருந்தது. நான் தூணோடு தூணாக நின்றேன்.

யாரும் கூப்பிடாமலே கொளஞ்சியம்மாள் முன்னால் வந்தாள். செய்கிற விளக்கின் எண்ணிக்கைக்குத்தான் அங்கே கூலி. அந்த வேலையை விட்டுவிட்டுக் கை கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். துர்காவுக்குத் தலையில் கனகாம்பரம்.

“அம்மா, எம்புள்ள இந்தக் கிளாசுல சேராமலே படிக்குதுங்க. வருசத்துக்கு மூணு ஸ்கூலு மாறுது, அப்படியும் கதையே படிக்குது. டீச்சரே சொன்னாங்க. ஒரு வாட்டி கேட்டுப் பாருங்கம்மா.”

அவள் எதையும் கேட்டு வரவில்லை. காட்ட வந்திருந்தாள். நான் தூணை விட்டு நகரவில்லை. மேடம் தன் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். நான் அதுவரை பார்க்காத அட்டை. மேலே பூசணிக்காய்ப் படம் போட்டிருந்தது.

துர்கா பூசணிக்காயைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கணீரென்று சொன்னாள்.

“மல்லிகா ஒரு ஆடு வளர்த்தாள். ஆட்டின் பெயர் சிட்டு…”

நடுவில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மணியை ஆட்டி, ஆடு ஓடிவந்து, கதை முடிந்தது. அட்டையின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அறக்கட்டளைக்காரர் ஒருவர் சந்தோஷமாகக் கைதட்டினார். கொளஞ்சியம்மாள் அவரைக் கும்பிட்டாள். மேடம் மட்டும் கைதட்டவில்லை. அட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மதி, என்ன இது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“புது ஆளுங்கள பாத்து பயந்துட்டா மேடம்” என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டேன். அந்தக் கூட்டத்தில் பயந்து நடுங்கிய ஒரே ஆள் நான். மேடம் குனிந்து துர்காவிடம், “பயமா இருந்துச்சா கண்ணு?” என்று கேட்டார்.

துர்கா யோசித்தாள். “ஆமா மேடம். பயமா இருந்துச்சு” என்றாள்.

கொளஞ்சியம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை. நன்றாகத்தானே சொன்னாள் என்பது போல எல்லோரையும் பார்த்துவிட்டு, மகளின் தலையில் செல்லமாகத் தட்டினாள். மேடமும் அறக்கட்டளைக்காரர்களும் அடுத்த ஷெட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் கூடப் போகாமல், குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துர்காவிடம் போனேன்.

“நெசமாவே பயந்தியா?”

“இல்ல டீச்சரு.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்ன?”

“நீங்கதான பயந்தீங்க” என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், முடியவில்லை. அடுத்த நாள் காலை மேடத்துக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை மேல் வரிசையாக உட்காரவைத்தது, ஒரே அட்டை, விரல், அக்டோபர், எல்லாம். இடையில் ஒரு தடவை அழுதேன். அது எனக்காக அழுதது என்று அழும்போதே தெரிந்தது, நிறுத்திக்கொண்டேன்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “நீங்க பார்த்த எல்லாப் பிள்ளைகளையும் வேற ஆளை வச்சு மறுபடி பார்க்கணும். உங்க ஒப்பந்தத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல அந்தப் பொண்ணு. இன்னைக்கே போய் விதிப்படி சோதிச்சு எனக்கு அனுப்புங்க. விடுதியில இருபத்தோராவதா ஒரு பாய் போடச் சொல்றேன். அவங்க அம்மா கைநாட்டு மட்டும் வேணும்.”

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தப்பைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

சூளைக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில் துர்காவை உட்காரவைத்தேன். கதையை விட்டேன், பத்தியை விட்டேன், சொல்லையும் விட்டேன். எழுத்து அட்டையில் ஐந்து எழுத்துக் கேட்டேன். இரண்டு சொன்னாள். ‘து’ சொன்னாள், அவள் பெயரில் இருப்பதால். ‘ம’ சொன்னாள்.

“தெரியலன்னு என்கிட்ட ஏன் சொல்லல துர்கா?”

“மொத நாளு இதுதான் படிக்கிறதுன்னு நெனச்சேன் டீச்சரு. ஸ்கூல்ல புக்கு பாத்தப்பதான் அது வேறன்னு தெரிஞ்சுது.” சடையைத் திருகினாள். “அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. ஊருக்குக்கூட போன் பண்ணி சொல்லுச்சு. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?”

என் பொய்யை இந்தப் பிள்ளை நாலு மாதமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘எழுத்து’ என்ற கட்டத்தைத் தொட்டேன். அது சிவப்பானது. நாலு மாதத்தில் நான் அவளைப் பற்றிப் பதிந்த முதல் உண்மை அது.

கொளஞ்சியம்மாள் கடைசி நாள் வேலையில் இருந்தாள். தீபத்தை ஊரில் கும்பிட்டுவிட்டு அப்படியே கரும்புக்குப் போவதாக ஏற்பாடு. லாரி விடியற்காலையில் வருமாம். அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தப்பு என்னுடையது, துர்காவுடையது இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள். “அப்ப படிக்கலியா?” என்று மட்டும் கேட்டாள்.

“இன்னும் படிக்கலக்கா. ஆனா படிப்பா. நல்ல மூள. விடுதியில எடம் வாங்கிட்டேன். நீங்க இதுல கைநாட்டு வச்சா போதும், அஞ்சு மாசம் இங்கயே இருந்து படிக்கலாம்.”

படிவத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி நான்.

“இதுல என்னாங்க எழுதியிருக்குது?”

வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

“நெசமா இதான் எழுதியிருக்குதா?”

“நெசந்தான்க்கா.”

“அன்னைக்கும் இப்படித்தான சொன்னீங்க டீச்சரு.” குரலில் கோபமே இல்லை. கணக்கு புரியாதவர்கள் கேட்பது போலக் கேட்டாள். “படிக்குதுன்னு சொன்னீங்க, நம்புனேன். இப்ப படிக்கலங்கறீங்க, அதயும் நம்பணும். பொட்டப் புள்ளய அஞ்சு மாசம் விட்டுட்டுப் போ, நல்லா பாத்துக்குவாங்கங்கறீங்க. எந்த தைரியத்துலங்க விட்டுட்டுப் போவேன்? நீங்களே சொல்லுங்க.”

மேடத்திடம் போனில் பேசச் சொன்னேன். சுப்புராயனைக் கூப்பிட்டேன், அவரும் நல்ல இடம் என்று எடுத்துச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மரியாதைக்காக ஆட்டிய தலை அது. வாசலில் துர்கா நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் பேசவில்லை. எனக்காகப் பேசிப் பேசி அவளுக்கும் அலுத்திருக்கும்.

“எழுத்து தெரியாட்டியும் எங்கண்ணு முன்னால இருக்கட்டும் டீச்சரு” என்றாள் கொளஞ்சியம்மாள். அப்போதும் டீச்சர் என்றுதான் சொன்னாள்.

அவள் கட்டைவிரலில் மண் கூழ் ஈரமாக இருந்தது. அதை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, படிவத்தில் கறை படாமல் ஓரத்தைப் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.